படியின் மூக்கு

நமது பங்கு ஆலயத்தின் முகப்பில் ஐந்து படிகள் உண்டு. திருவேங்கடம் வட்டாரத்துக் கரிசல் மண் மழைக்கு ஊறி உப்பும்; வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மண்ணின் மேல் நெடுங்காலம் கிடந்த பழைய படிகள் சாய்ந்தும் பிளந்தும் போயிருந்தன. திருவிழாவுக்கு முன் அவற்றைப் பெயர்த்துவிட்டுப் பளபளப்பான கிரானைட் பலகைகளைப் பதிப்பதென்று பங்குப்பேரவை முடிவு செய்தது. வேலை தொடங்கிய நாளில் முதிய கொத்தனார் நம்மிடம் வந்தார். “சாமி, படிக்கு மூக்கு வச்சிரலாமா? ஒரு இஞ்சி முன்னால தள்ளி, மேல ரெண்டு கோடு கீறி விட்டா ஆளுக காலு நிக்கும்” என்றார். “வேண்டாம் அண்ணாச்சி, நேராவே இருக்கட்டும். பாக்கதுக்கு அதுதான் அழகா இருக்கும்” என்று நாம் மறுமொழி கூறினோம். அவர் தலையசைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அடுத்து வந்த கார்த்திகை மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்து தூறலில் இறங்கிய மூதாட்டி ஒருவர், மூன்றாம் படியிலிருந்து சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மேலிருந்து நோக்குகையில் ஐந்து படிகளும் நனைந்து, ஒரே கறுப்புப் பரப்பாக மின்னின. ஒரு படி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது எழுபதைக் கடந்த அந்தக் கண்களுக்குப் புலப்படவில்லை. அவரை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வாசலில் நின்றபோது கொத்தனாரின் சொல் நமது செவியில் மீண்டும் ஒலித்தது. குருமடத்தில் பல்லாண்டு மெய்யியலும் இறையியலும் பயின்ற நாம், ஓர் அங்குல விளிம்பு எதற்காக என்று ஒரு நிமிடம் நின்று கேட்கவில்லை. அந்த ஓர் அங்குலத்தின் வரலாற்றைப் பின்னர்த் தேடிப் படித்தோம். கண்டவற்றை வாசகர்முன் வைக்கிறோம்.

ஓர் அங்குலத்தின் பயன்

படி என்பது இரண்டு அளவுகளால் ஆனது. ஒன்று கால் ஏறவேண்டிய உயரம். மற்றது கால் ஊன்றவேண்டிய அகலம். இவ்விரண்டையும் பற்றி மனிதர் மிகப் பழங்காலத்திலிருந்தே சிந்தித்து வந்துள்ளனர். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமைக் கட்டடக் கலைஞர் வித்ருவியுஸ், கோயிலின் முகப்புப் படிகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமையவேண்டும் என்று எழுதினார். வலக்காலை முதற்படியில் வைப்பவர் மேல்தளத்தையும் வலக்காலாலேயே மிதிக்கவேண்டும் என்பது அவர் கூறிய காரணம். புதுமணப் பெண்ணை வலக்காலை எடுத்து வைத்து வரச் சொல்லும் நமக்கு இது புதியதன்று. படியின் உயரம் ஒன்பது உரோமை அங்குலத்துக்குக் குறையாமலும் பத்துக்கு மிகாமலும், அகலம் ஒன்றரை அடிக்குக் குறையாமலும் இரண்டடிக்கு மிகாமலும் இருக்கவேண்டும் என்றும் அவர் வரையறுத்தார்.

பிரான்சு நாட்டின் அரச கட்டடக்கலைக் கழகம் 1671இல் நிறுவப்பட்டது. அதன் தலைவராயிருந்த பிரான்சுவா புளோந்தெல், 1675இல் வெளியிடத் தொடங்கிய தம் நூலில் ஒரு கணக்கைத் தந்தார். சமதளத்தில் நடக்கும் மனிதனின் ஓர் எட்டு ஏறத்தாழ 24 அங்குலம். உடலை மேலே தூக்குவதற்கு, முன்னே நகர்த்துவதைப்போல் இருமடங்கு உழைப்பு வேண்டும். ஆகவே படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, அதனுடன் அகலத்தைக் கூட்டினால் 24 அங்குலம் வரவேண்டும். உயரம் 6 அங்குலமானால் அகலம் 12. உயரம் 7 ஆனால் அகலம் 10. இன்றும் பொறியாளர்கள் இக்கணக்கைச் சிறு மாற்றங்களுடன் கையாளுகின்றனர்.

ஆனால் கணக்குக் கேட்கும் அகலத்தை இடம் தருவதில்லை. குறுகிய வீட்டிலும் நெருக்கமான கோபுரத்திலும் படிகள் அடுக்கடுக்காக நெருங்கி ஏறவேண்டியுள்ளது. அங்கேதான் மூக்கு உதவிக்கு வருகிறது. மேற்படியின் பலகை, தன்னைத் தாங்கும் செங்குத்துச் சுவரைவிட ஓர் அங்குலம் முன்னே நீண்டால், கீழ்ப்படியில் ஊன்றும் காலின் விரல்கள் அந்த நீட்சியின் அடியில் புகுந்துகொள்ளும். படிக்கட்டின் மொத்த நீளம் கூடாமலே ஏறுபவருக்கு ஓர் அங்குலம் கூடுதலாகக் கிடைக்கிறது. நீட்சியின் கீழே விழும் நிழல், படி எங்கே இருக்கிறது என்பதை ஏறுபவரின் கண்ணுக்குக் காட்டுகிறது. இறங்குபவருக்கோ நிழல் தெரியாது. அவருக்கு விளிம்பின் மேல் கீறிய கோடுகளே வழிகாட்டி. அவை கண்ணுக்கு எல்லையையும் பாதத்துக்குப் பிடிப்பையும் தருகின்றன. நம் கொத்தனார் கேட்ட இரண்டும் இவையே.

மூக்குக்கும் அளவுண்டு. மிகுதியாக நீண்டால் ஏறுபவரின் கால்விரல் அதில் தட்டி இடறும். கூர்மையாக விட்டால் விளிம்பு உடையும்; விழுபவரைக் காயப்படுத்தும். அதனால்தான் அதை அரைவட்டமாக உருட்டிவிடுகிறார்கள். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு படியின் அகலத்தைக் குறிப்பிடும்போது, மூக்கு நீங்கலாக என்று சேர்த்தே சொல்கிறது. வீட்டின் உட்படிக்கு 250 மில்லிமீட்டரும், மக்கள் கூடும் கட்டடங்களுக்கு 300 மில்லிமீட்டரும் குறைந்த அளவு. உயரம் வீட்டில் 190 மில்லிமீட்டருக்கும், கூடுமிடங்களில் 150 மில்லிமீட்டருக்கும் மிகலாகாது. மூக்கு என்பது கணக்கில் சேராத, மேலதிகமாகத் தரப்படும் கொடை என்பதே இதன் பொருள்.

கொடுங்கையும் புறாவும்

விபத்து நிகழ்ந்த சில நாள்களில் கொத்தனாரை மீண்டும் அழைத்தோம். அவர் படியைப் பார்ப்பதற்கு முன் நம்மை ஆலயத்தின் பழைய பக்கச் சுவரருகே கூட்டிச் சென்றார். சன்னலுக்கு மேலே சுண்ணாம்புக் காரையால் அமைந்த ஒரு வளைந்த விளிம்பு இருந்தது. அதன் அடிப்பகுதியில் விரலை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். நெடுக ஒரு சிறு பள்ளக்கோடு ஓடியது. மழைநீர் விளிம்பிலிருந்து நேரே கீழே விழுவதில்லை; அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு சுவரை நோக்கி ஊர்ந்து வரும். அந்தப் பள்ளத்தை எட்டியதும் அதைத் தாண்ட இயலாமல் சொட்டாகத் திரண்டு விழுந்துவிடும். சுவர் நனையாது. அந்தக் கோட்டின் வேலை கீழே நிற்கும் எவர் கண்ணிலும் படாது. பல தலைமுறைகளுக்குமுன் அதைக் கீறியவர் யார் என்பதும் எவருக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சன்னலின் கீழே சுவர் இன்றும் காரை உதிராமல் நிற்கிறது.

இவ்விளிம்புக்குத் தமிழ்க் கட்டடக்கலை தந்த பெயர் கொடுங்கை. கொடு என்பது வளைவு. வளைந்த கை போல நீண்டு கீழிருப்பதைக் காப்பதால் அது கொடுங்கை. வடமொழிச் சிற்ப நூல்கள் இதனைக் கபோதம் என்கின்றன. கபோதம் என்றால் புறா. புறாவின் வளைந்த கழுத்தையும் மார்பையும் ஒத்த வடிவம் இதற்குண்டு. புறாக்கள் வந்து அமரும் இடமும் அதுவே. நம் ஊர்க் கோயில்களிலும் ஆலயங்களிலும் இன்றும் அதைக் காணலாம்.

கொடுங்கை கல்லில் பிறந்ததன்று. ஓலையும் வைக்கோலும் வேய்ந்த கூரை, சுவரைத் தாண்டி வெளியே தாழ்ந்து இறங்கும் இறவாணமே அதன் மூலம். தென்காசி, செங்கோட்டைப் பக்கங்களில் குற்றாலச் சாரலை எதிர்கொள்ளும் ஓட்டு வீடுகளின் தாழ்ந்த இறவாணத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் மாமல்லபுரத்தில் பாறையைக் குடைந்தபோது, மரமும் ஓலையும் தந்த வடிவத்தையே கல்லில் செதுக்கினர். அங்குள்ள திரௌபதி இரதம் ஒரு குடிசையின் அச்சாகவே நிற்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலில் இந்தக் கலை உச்சத்தை எட்டியது. அங்கே கற்கொடுங்கையின் அடிப்பக்கத்தில் மரச் சட்டங்களும் குறுக்குக் கம்பிகளும் அவற்றைப் பிணைக்கும் ஆணிகளும் கல்லிலேயே வடிக்கப்பட்டுள்ளன. பழங்காலச் சிற்பியர் வேலை ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கையைப் போன்றது நீங்கலாக என்று குறித்துக்கொள்வர் என்பது வழிவழியாக வரும் செய்தி.

கொடுங்கையின் முகத்தில் குதிரைலாடம் போன்ற சிறு வளைவுகள் வரிசையாக இருப்பதைக் காணலாம். தமிழில் அவை கூடு எனப்படும். சிற்ப நூல்கள் அவற்றுக்குத் தந்த பெயர் நாசிகை, அதாவது மூக்கு. பழங்கால மரக் கூரையின் பலகணி வளைவுதான் அவ்வாறு சுருங்கிக் கல்லில் நின்றது. படியின் விளிம்பும் இதுவும் ஒன்றல்ல. எனினும் கட்டடத்தின் முன்னே நீளும் உறுப்புக்கு மூக்கு என்று பெயரிடும் வழக்கம் நம் கொத்தனார் புதிதாகக் கண்டதன்று என்பது தெளிவாகிறது. கிரேக்கக் கோயில்களின் கல் விளிம்புகளில் காணும் அணிகளும் பழைய மர உத்தரங்களின் முனைகளிலிருந்து வந்தவை என்று வித்ருவியுஸ் எழுதியிருக்கிறார். ஒன்றையொன்று அறியாத இரு நிலங்களில், மழையும் மரமும் ஒரே பாடத்தைக் கற்பித்திருக்கின்றன.

கல்லில் எழுதிய விளிம்பு

தமிழகக் கோயிலின் அடித்தளத்தை அதிட்டானம் என்பர். அது ஒரே செங்குத்துச் சுவராக எழுவதில்லை. தரையை ஒட்டிய உபானம், அதன்மேல் அகன்ற ஜகதி, அதன்மேல் உருண்ட அல்லது பட்டை தீட்டிய குமுதம், உள்வாங்கிய கண்டம், மீண்டும் வெளியே நீளும் பட்டிகை என்று விளிம்புகள் புடைத்தும் ஒடுங்கியும் மாறிமாறி வருகின்றன. சுமையை அகலப் பரப்புவது ஒரு பயன். ஒளியும் நிழலும் மாறி விழும்போது பெருங்கல்லின் கனம் கண்ணுக்குக் குறைந்து தோன்றுவது இன்னொரு பயன்.

நம் முன்னோர் இவற்றுக்கு மூன்றாவது பயன் ஒன்றையும் கண்டனர். அவற்றின் மேல் எழுதினர். 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைச் சுற்றி, அடித்தளத்தின் வரிகளில், அரசன் கொடுத்தவையும் அவன் தமக்கை குந்தவை கொடுத்தவையும் மற்றவர் கொடுத்தவையும் வெட்டப்பட்டுள்ளன. வேறு எத்தனையோ சிற்றூர்க் கோயில்களில் ஜகதியிலும் குமுதத்திலும் பட்டிகையிலும் நிலத்தின் எல்லை, வாய்க்காலின் பெயர், விளக்குக்கு விட்ட ஆடுகளின் எண்ணிக்கை ஆகியன நீண்டு செல்கின்றன. 1886இல் அரசு கல்வெட்டாய்வாளராக அமர்த்தப்பட்ட ஹுல்ச் என்னும் செர்மானிய அறிஞர், 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதியை வெளியிட்டார். தமிழகத்து வரலாற்றின் பெரும்பகுதி ஓலையிலன்றி இத்தகைய கல்விளிம்புகளில் காக்கப்பட்டு வந்திருக்கிறது. அவற்றைத் திருப்பணி என்ற பெயரில் பெயர்த்துப் புரட்டிப் போட்ட இடங்களில் ஊரின் நினைவே அழிந்துபோனது. பழைய படிகளைப் பெயர்க்கும்போது அவற்றைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம்கூட நமக்குத் தோன்றவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும்.

நமது பகுதிக்கு அருகிலேயே கழுகுமலை இருக்கிறது. அங்குள்ள வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. எல்லோராவின் கயிலாசநாதர் கோயிலைப் போன்று அதுவும் ஒரே பாறையிலிருந்து மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டது. சாதாரணக் கட்டடத்தில் அடித்தளம் முதலில் வரும், சிகரம் கடைசியில். பாறையைச் செதுக்குபவனுக்கோ சிகரம் முதலில், அடித்தளம் கடைசியில். அந்தப் பணி இடையில் நின்றுவிட்டது. ஆகவே உச்சியும் அதன் சிற்பங்களும் கண்ணைப் பறிக்கும் அழகுடன் விளங்க, கீழ்ப்பகுதி முரட்டுப் பாறையாகவே நிற்கிறது. அதன் முன்னே நின்றபோது நமது ஆலய முகப்பு நினைவுக்கு வந்தது. நாமும் கோபுரத்துக்கு வண்ணம் தீட்டிவிட்டு, கால் வைக்கும் இடத்தைக் கடைசியாகத்தான் எண்ணினோம். அந்தச் சிற்பிக்கு வேறு வழியில்லை, நமக்கு இருந்தது.

முழந்தாள் தேய்த்த படிகள்

விவிலியத்திலும் ஒரு விளிம்பு உண்டு. அரசர் முதல் நூலின் ஆறாம் அதிகாரம் சாலமோன் கட்டிய கோவிலை விரிவாகக் கூறுகிறது. கோவிலைச் சுற்றி மூன்று அடுக்கு அறைகள் எழுந்தன. அவற்றின் உத்தரங்களைக் கோவிலின் சுவரில் துளையிட்டுச் செருகாமல் இருக்கும்பொருட்டு, சுவரின் வெளிப்புறத்தில் ஒட்டுகள் விடப்பட்டன. உத்தரங்கள் அவற்றின்மேல் அமர்ந்தன. பொன்னும் கேதுருவும் பற்றிப் பேசும் அதிகாரத்தில் இந்தச் சிறு செய்தியை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். புனிதச் சுவரைக் காயப்படுத்தாமல் சுமையை ஏற்க ஒரு விளிம்பு போதும் என்று அந்தத் தச்சர்கள் கண்டிருந்தார்கள்.

உரோமையில் திருப்படிகள் என்று வழங்கும் 28 பளிங்குப் படிகள் உள்ளன. ஆண்டவர் இயேசு பிலாத்துவின் அரண்மனையில் ஏறிய படிகள் இவையே என்றும், புனித எலேனா அவற்றை உரோமைக்குக் கொணர்ந்தார் என்றும் மரபு கூறுகிறது. 1589இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அவற்றை இப்போதுள்ள இடத்தில் அமைத்தார். திருப்பயணிகள் முழந்தாளிட்டே அவற்றில் ஏறுவது வழக்கம். பளிங்கு தேய்ந்துகொண்டே வந்ததால், 1723இல் திருத்தந்தை பதின்மூன்றாம் இன்னொசெந்து அவற்றை மரப்பலகைகளால் மூடச் செய்தார். சீரமைப்புப் பணிக்குப்பின் 2019 ஏப்ரலில் மரம் அகற்றப்பட்டு, ஏறத்தாழ இரண்டு மாதங்கள் மக்கள் பளிங்கின்மேலேயே ஏற இசைவு அளிக்கப்பட்டது. வெறுமையாகக் கண்ட படிகளில் ஆழ்ந்த பள்ளங்கள் ஓடின. கல் தேய்ந்தது உளியால் அன்று, முழந்தாளாலும் பாதத்தாலும். ஏறுபவரின் நோயும் துயரும் மன்றாட்டும் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒரு கணம் தங்கிப் போயிருக்கின்றன.

நாம் பெயர்த்தெறிந்த பழைய படிகளும் நடுவில் குழிந்திருந்தன. அதைப் பழுது என்றே எண்ணினோம். மூன்று தலைமுறை மணமக்களும், குழந்தைகளை ஏந்திய தாய்மாரும், பெட்டியைச் சுமந்து சென்ற தோள்களும் உண்டாக்கிய குழி அது.

எஞ்சியது

படிகளைத் திருத்தும் வேலை நான்கு நாள்களில் முடிந்தது. கொத்தனார் பலகைகளின் முன்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வெளிர்நிறக் கல்லில் ஒரு பட்டையை ஓர் அங்குலம் முன்னே நீட்டிப் பதித்தார். முனையை உருட்டினார். மேற்பரப்பை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி, இரண்டு கோடுகளும் கீறினார். ஓரத்தில் ஒரு கைப்பிடிக் குழாயும் நின்றது. செலவு நாம் மிச்சம் பிடித்ததாக எண்ணியதைவிட அதிகம். ஞாயிறு அறிவிப்பின்போது, படியை அவ்வாறு அமைக்கச் சொன்னது நாமே என்பதையும், வேண்டாம் என்று ஒருவர் எச்சரித்ததை நாம் கேட்கவில்லை என்பதையும் இறைமக்கள் முன் கூறினோம்.

வேலை முடிந்த மாலையில் கொத்தனாரிடம், “அன்னைக்கே ஏன் அண்ணாச்சி இன்னொரு தடவை சொல்லல?” என்று கேட்டோம். அவர் கையிலிருந்த கரண்டியைக் கழுவிக்கொண்டே, “சாமி சொன்ன பொறவு நாங்க என்னத்தச் சொல்ல?” என்றார். அதில் குறை கூறும் தொனி இல்லை. அதுவே நம்மை அதிகம் சுட்டது. விழுந்தவரின் இடுப்பை முறித்தது கல்லின் வழுவழுப்பு மட்டுமன்று. நாம் சொன்னால் எவரும் மறுத்துப் பேசாத அளவுக்கு நமது சொல்லும் வழுவழுப்பாகிவிட்டிருந்தது.

தென்காசி உலகம்மை உடனுறை விசுவநாதர் கோயிலை 1446இல் எழுப்பத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், தமிழ்ச் செய்யுளாகக் கல்லில் ஒரு வேண்டுகோளை விட்டுச் சென்றிருக்கிறான். இக்கோயிலுக்கு எக்காலத்திலேனும் ஒரு குறை நேர்ந்தால், அதை நீக்கிக் காப்பவர் எவராயினும், அவரை உலகறியத் தான் பணிவதாக அவன் கூறுகிறான். தன் பணியில் குறை வராது என்று அவன் எழுதவில்லை. வரும் என்று எண்ணினான். இன்னும் பிறவாத, பெயர் அறியாத ஒருவர்முன் அரசனாகிய அவன் தலைவணங்கினான். அவன் எழுப்பத் தொடங்கிய பெருங்கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்றது. மீண்டும் எழுப்பப்பெற்று 1990இல் குடமுழுக்குக் கண்டது. எழுப்பியவர்களை அவன் ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே பணிந்திருந்தான்.

அந்த மூதாட்டி ஏழு மாதங்களுக்குப்பின் ஊன்றுகோலுடன் ஆலயத்துக்கு வந்தார். உதவிக்குச் சென்ற பேத்தியின் கையை விலக்கிவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். வாசலில் காத்திருந்த நம்மைப் பார்த்து, “இப்பம் கண்ணு பாக்காட்டாலும் காலுக்குத் தெரியுது சாமி” என்றார். நாம் சொல்ல எண்ணியிருந்த மன்னிப்பைச் சொன்னோம். “அட போங்க சாமி, பூசைக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே சென்றார்.